ஏணியில் இல்லாத மூன்று கட்டை

சபாநாயகம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்திருக்கலாம். ஞானம் வேண்டுமென்று மலையடிவாரத்துக் குருகுலத்தில் போய்ச் சீடராகச் சேர்ந்தார்.

கட்டடக்கலை கற்றுத்தரும் இடம் அது. கீழே தச்சுப் பட்டறை, மேலே பாடசாலை. குருவம்மா சபாநாயகத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். யார் எந்த வகுப்பில் உட்காரலாம் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் சபாநாயகத்திடம் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் சமையல்கட்டில் குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சபாநாயகம் வந்து நின்றார்.

"அம்மா, பட்டறையில வேலை பழகின இசக்கியம்மா இருக்காள்லா, அவ சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாளாம். டவுன்ல ஒரு கட்டில் கடையில வேலை கிடைச்சிருக்காம்."

"பாடசாலையில படிக்கணும்னு வந்தவளாச்சே."

"வந்தா. முதல் வருஷத்துல உக்கார வச்சேன். ரம்பம் பிடிக்க, இழைப்புளி தள்ளப் படிச்சா."

"அது அவளுக்கு ஏற்கெனவே தெரியாதா?"

"தெரியும். பக்கத்துல இருக்கிற பிள்ளைகளுக்கு அவதான் சொல்லிக்கொடுத்தா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்லா? எல்லாரும் முதல்ல இருந்துதான் வரணும்."

"அப்புறம்?"

"இரண்டாம் வருஷத்துல பாரம் தாங்குற கணக்கு வந்துச்சு. அதுல நின்னுட்டா. சரி, மறுபடியும் முதல்ல இருந்து வான்னேன். வந்தா. ரம்பம், இழைப்புளி எல்லாம் ஒழுங்கா பண்ணினா. அதே கணக்குல திரும்பவும் நின்னுட்டா."

"அதுக்கு என்ன பண்ணினீங்க?"

"இன்னொரு தடவை முதல்ல இருந்து வரச் சொன்னேன். மூட்டையைக் கட்டிட்டா. பொறுமை இல்லாதவங்களுக்குப் படிப்பு எப்படிம்மா வரும்?"

குருவம்மா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார். இசக்கியம்மா போவது அவருக்கு வருத்தம்தான். முகத்தில் தெரிந்தது.

"சரி. போற பிள்ளையை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. பரண்ல முறுக்கு டின் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

முறுக்கு என்றதும் சபாநாயகத்துக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறினார். கண் முழுக்க டின் மேலேயே இருந்ததால் ஏணியைப் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் கால் வைக்க இடமில்லை. நடுவில் மூன்று கட்டை கிடையாது. அதற்கு மேலே மறுபடியும் வரிசையாக இருந்தன.

"அம்மா, இங்க கட்டை இல்ல."

"அப்படியா? இறங்கி முதல்ல இருந்து ஏறுங்க."

குரு சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று சபாநாயகம் இறங்கினார். மறுபடியும் ஏறினார். அதே இடத்தில் நின்றார்.

"ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா. அங்கேயேதான் நிக்கேன்."

"அடியில சரியா ஏறலையோ என்னவோ. இறங்குங்க. ஏணியை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லுதேன்."

இறங்கினார். குருவம்மா எழுந்து வந்து, இடது கையை இங்கே, வலது கையை இங்கே, பாதத்தை இப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயதில் தென்னை மரமே ஏறியவர் சபாநாயகம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

மூன்றாவது தடவை ஏறும்போது மூச்சு வாங்கியது. வேட்டி ஒரு மூங்கில் சிம்பில் மாட்டிக் கிழிந்தது. அதே இடம் வந்தது.

"இன்னொரு தடவை முதல்ல இருந்து…" என்று குருவம்மா ஆரம்பித்தார்.

சபாநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா விளையாடுதீங்களா? கீழ இருக்கிற கட்டையில நான் நல்லாத்தானே ஏறுதேன். நூறு தடவை ஏறினாலும் நடுவுல இல்லாத கட்டை முளைச்சிருமா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போலிருந்தது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் இசக்கியம்மா தோளில் பையோடு வாசலில் வந்து நின்றாள். "வாரேன்மா" என்று சொல்ல வந்தவள், சபாநாயகம் நின்ற கோலத்தைப் பார்த்துச் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள்.

குருவம்மா கீரைக் கூடைக்கு அடியில் கையை விட்டு மூன்று மூங்கில் கட்டைகளை எடுத்தார்.

"இவ போறது காலையிலேயே எனக்குத் தெரியும் ஐயா. அப்பவே ஏணியில இருந்து நான்தான் கழட்டி வச்சேன். இவளோடதை யாரு கழட்டினது?"

சபாநாயகம் இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இசக்கியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டை கழன்ற ஏணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியாது, அவ்வளவுதான். பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். ஏணியைப் படுக்கப் போட்டு மூன்று கட்டையையும் அடித்து இறக்கினாள். பஸ் வருவதற்குள் முடித்தும்விட்டாள்.

சபாநாயகம் நாலாவது தடவை ஏறினார். இந்தத் தடவை பரண் வரை போனார். டின் மேல் கையை வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமலே சொன்னார்:

"இசக்கியம்மா, அந்தக் கணக்கு மட்டும்தானே உனக்குத் தடங்கல்? தினமும் சாயங்காலம் எங்கிட்ட வா. தனியா உக்காந்து படிப்போம். அது வந்துட்டா நேரா மூணாம் வருஷம்."

"அப்போ முதல் வருஷம் ஐயா?"

"அதுல உனக்கு என்ன வேலை? வேணும்னா நீ போய்ப் பாடம் எடு."

இசக்கியம்மா தோள்பையை இறக்கிச் சுவரோரம் வைத்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சபாநாயகத்துக்கு மனசு லேசாகிவிட்டது. டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"முறுக்கைக் கொண்டு வரட்டுமாம்மா?"

குருவம்மா மறுபடி கீரை ஆய உட்கார்ந்திருந்தார்.

"அது ஊருக்குப் போறவங்களுக்கு. இப்போ யாரும் போகலையே. வச்சிட்டு இறங்குங்க."