செவலை தின்ற சவுண்டல் தழை

என் மூத்தவளை வயிற்றில் சுமந்த வருஷம், சபையில் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, ஆடு வளர்க்கும் ஞானப்பூ அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு மலைச்சரிவில் நீள மயிர் வளரும் ஆடுகள் கூட்டமாக வாழ்ந்தன. மார்கழிப் பனிக்கு முன்னால் சினையாடுகள் எல்லாம் இலந்தை முள்ளில் உடம்பை உரசும். முள்ளில் சிக்கும் மயிரைத் திரட்டிக் குகைக்குள் மெத்தை போடும். பிறக்கும் குட்டி அதன்மேல்தான் படுக்கும். அவரவர் குட்டிக்கு அவரவர் மயிர் என்பது அங்கே வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் செவலை என்று ஒரு சினையாடு. ஆவணியில் அது ஓடைக்கு அப்பால் ஒரு சவுண்டல் மரத்தோப்பைக் கண்டது. தழை அத்தனை இளசு. வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பிய செவலை, ஓடைக்கு அப்பால் சிறுத்தை நிற்கிறது, யாரும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டது. மற்ற ஆடுகள் பயந்து சரிவிலேயே நின்று காய்ந்த புல்லையும் வேலங்காயையும் மென்றன.

செவலை தினமும் நழுவிப்போய்த் தழையை மட்டுமே தின்றது. ஒரே மாதத்தில் முதுகு பரந்து, தொடை திரண்டது. அப்படி என்னதான் தின்கிறாய் என்று மற்றவை கேட்டால், "எங்க அம்மா வழி உடம்பு அப்படி" என்று சொல்லிவிடும்.

ஐப்பசியில் ஒருநாள் மரத்தில் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தது. சாய்ந்த இடத்தில் மயிர் கற்றையாக ஒட்டியிருந்தது. பயந்துபோய்த் தோப்புக்குப் போவதை விட்டது. ஆனாலும் மயிர் உதிர்ந்து காற்றோடு போய்க்கொண்டே இருந்தது. முதுகு வழுக்கையானபோது செவலை சேற்றில் புரண்டு அதை மறைத்துக்கொண்டது.

உரசும் நாள் வந்தது. செவலை எல்லாருக்கும் கடைசியில் போய் உரசியது. சேறுதான் உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற மூளிக்காதி என்ற மூத்த ஆடு பார்த்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் குட்டி பிறந்தது. வெறும் பாறையில் கிடந்து வெடவெடவென்று நடுங்கியது. செவலை வயிற்றோடு அணைத்துப் பார்த்தது. மயிரில்லாத வயிறும் சில்லென்றுதான் இருந்தது. குட்டிக்குக் கத்தக்கூடக் குரல் எழவில்லை.

செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூளிக்காதியிடம் போனது.

"அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இல்ல. நான்தான் இருந்தேன்."

"தெரியும் தாயி. ஆவணியிலேயே உன் வாயில சவுண்டல் வாசம் அடிச்சுது."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா, பங்கு கேட்டு வாராங்கன்னு நெனச்சிருப்ப."

செவலை அப்படித்தான் நினைத்திருக்கும்.

தழைமேல் குற்றமில்லை என்றது மூளிக்காதி. காய்ந்த புல்லோடு ஒரு வாய் தின்றால் சதையும் பிடிக்கும், மயிரும் நிற்கும். அதையே தின்றால் மயிரை வேரோடு கழற்றிவிடும். சொல்லிக்கொண்டே, முந்தின நாள் உரசிச் சிவந்த உடம்பை மறுபடியும் முள்ளில் உரசியது. மற்ற ஆடுகளும் பின்னால் வந்து உரசி, ஆளுக்குக் கொஞ்சம் மயிர் கொடுத்தன.

குட்டி சூடேறிப் பால் குடித்தது. அதன் மெத்தையில் கறுப்பு இருந்தது, வெள்ளை இருந்தது, சாம்பல் இருந்தது. செவலை நிறத்தில் ஓர் இழைகூட இல்லை. பனிக்காலம் தீரும்வரை செவலை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தனக்கென்று ஒளித்துத் தின்றால் நல்ல தீனியும் கெடுதலாகும், எச்சரிக்க வருகிற வாயும் அடைபட்டுப்போகும்.

ஆட்டுக்குச் சவுண்டல் தழை ஒடித்துப் போடும்போது, கூடவே ரெண்டு பிடி காய்ந்த புல்லும் போடுங்கள்.