செம்மணல் அணையின் இரண்டு பொத்தான்கள்

அங்கயற்கண்ணிக்கு அன்று வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செம்மணல் அணை அலுவலகத்தில் விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "உங்க கம்ப்யூட்டர் தானா மதகைத் திறந்துடுச்சாமே?" என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

மதகைத் திறக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை நம்பலாம் என்று கணிதத்தால் நிரூபித்தவளே அவள்தான். மதகுகளை நெட்வொர்க்கில் இணைத்தபோது, எவனோ எங்கோ உட்கார்ந்து திருட்டுச் செய்தி அனுப்பித் தண்ணீரைத் திறந்துவிடுவானோ என்று எல்லோரும் பயந்தார்கள். அதற்காகத்தான் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு கருவிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான். ஒன்று மேலே உதவிப் பொறியாளர் ஜெபராஜுக்கு. மற்றது நாலு கிலோமீட்டர் கீழே, ஆற்றுக்குள் ஆள் இருக்கிறதா என்று நடந்து பார்க்கும் கரைக்காவலர் சுடலைமுத்துவுக்கு. இரண்டையும் அழுத்தினால்தான் மதகு திறக்கும். நடுவழியில் எவனும் செய்தியைத் திருத்த முடியாது. நேற்றைய செய்தியை எடுத்து இன்று மறுபடி அனுப்பவும் முடியாது. செய்தி போகக்கூடிய வழி ஒன்றுவிடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அதை நிரூபித்தாள். அந்த நிரூபணத்தின் முதல் பக்கத்து முதல் வரி இது: 'இரண்டு கருவிகளும் எப்போதும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடமே இருக்கும் என்று கொள்வோம்.'

தொடக்க விழாவுக்குத் தலைமைப் பொறியாளர் வந்தார். ஆற்றங்கரை வரை போய் நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அதனால் அங்கயற்கண்ணி சுடலைமுத்துவைக் கருவியோடு மேலே வரச் சொன்னாள். எல்லோருக்கும் அவளே விளக்கினாள். அவளே மதகைத் திறந்தும் காட்டினாள். சுடலைமுத்து ஓரமாக நின்று லட்டு தின்றார். அன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

பிறகு கோடை வந்தது. ஆவுடையம்மாள் என்பவள் ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதகு திறந்து, களை எடுத்துக்கொண்டிருந்தவள்மேல் தண்ணீர் வந்து விழுந்தது. கொடி மொத்தமும் போயிற்று. பாறையில் மோதி அவள் இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பாளா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. விசாரணை அறிக்கையில் யார் பெயர் முதலில் வருகிறதோ, அவருக்கு வேலை போகும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அங்கயற்கண்ணி பதிவுத்தாளை மேசையில் ஓங்கி அடித்தாள். "பாருங்க சார்! ரெண்டு பொத்தானும் அழுத்தியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு செகண்டுகூட இல்ல. என் நிரூபணத்துல குண்டூசி முனையளவு ஓட்டை காட்டுங்க, நானே என் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்!"

ஜெபராஜ் எழுந்து, பக்கத்தில் நின்ற சுடலைமுத்துவைக் காட்டினார். "ரெண்டையும் நான்தான் சார் அழுத்தினேன். இவர் கருவி விழா அன்னிக்கிலேர்ந்து இந்த ஆபீஸ் சுவத்து ஆணியிலதான் தொங்குது. இவர் ஆத்தைப் பார்த்துட்டு போன்ல சரின்னு சொல்லுவார், நான் அழுத்துவேன். அன்னிக்கு போன் கிடைக்கல. எப்பவும் காலியாத்தானே இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சுட்டீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தியவள், அதே வேகத்தில் சுடலைமுத்து பக்கம் திரும்பினாள். "உங்க கருவியை எதுக்கு இங்க விட்டீங்க? அது உங்க கையில இருந்திருந்தா அந்தம்மா இன்னிக்கு நடமாடிட்டு இருப்பாங்க!"

"அன்னைக்கு நான் கீழதான் நின்னேன் மேடம். ஆவுடையக்காளத் தண்ணிக்குள்ள இருந்து இழுத்துப் போட்டதும் நான்தான்." என்றார் சுடலைமுத்து. "விழாவுக்குக் கருவியைக் கொண்டாந்து குடுத்தேன். யாரும் திருப்பித் தரல, நானும் கேக்கல. இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். தப்புதான்." சுவரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரே ஒத்துக்கிட்டார்ல? அவர் பேரை எழுதுங்க சார்," என்றாள் அங்கயற்கண்ணி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஜெபராஜ் அழுத்தினார், சுடலைமுத்து விட்டுவிட்டுப் போனார், அங்கயற்கண்ணி நிரூபித்தாள். நிரூபணத்தில் பிழை கிடையாது; அது சத்தியம். அப்படியானால் அறிக்கையில் முதலில் எழுத வேண்டியது யார் பெயர்?

விடை: அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி அங்கயற்கண்ணியின் முன்னால் வைத்தார். அதில் இரண்டு கைகள் உயர்ந்திருந்தன, இரண்டு கட்டைவிரல்கள் இரண்டு பொத்தான்களை அழுத்தின. இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பச்சைக் கண்ணாடி வளையல். அதே வளையல்தான் இப்போதும் அவள் கையில் கிடந்தது. முதல் வரியை எழுதியவளே, ஊர் பார்த்துக் கைதட்ட, அதை முதலில் மீறினாள். படிக்கச் சொல்லி யாரும் கொடுக்காத அந்தப் பக்கத்தை மற்ற இருவரும் பார்த்ததே இல்லை. அவள் செய்து காட்டியதைத்தான் பார்த்தார்கள். அவர்கள் இருவர் தப்பும் தப்புதான், அது பின்னால் வரட்டும். அங்கயற்கண்ணி போட்டோவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பேனாவை வாங்கி, சொன்னபடியே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆவுடையம்மாள் எந்த வார்டில் இருக்கிறாள் என்று சுடலைமுத்துவிடம் கேட்டாள்.