கூரையோடு வந்த தேர்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு நாட்டில், அரசர் ஓர் ஒப்பந்த ஓலையில் முத்திரை வைத்தார். அப்போது சபையில் இருந்தவர்கள்: அரசர் மழவராயர், ஓலையை எழுதிய அமைச்சர் விழுப்பரையர், அமைச்சரின் மைத்துனனும் தேர்ப்பட்டறைக்காரனுமான இடும்பன், சாமரம் வீசும் பெண்கள் இருவர், தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த விகடகவி சேந்தன். ஓலையைப் படித்துப் பார்க்கச் சொன்னவர் ஒருவருமில்லை.

அரசரின் ஆசை இதுதான். முப்பாட்டனாரின் தேர் கரையான் அரித்துக் கிடந்தது. அதைப் பழையபடி செய்து, மகள் நங்கையைத் திருமணத்தன்று அதில் ஏற்றி மணமண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சு கிரீச்சிடும் சத்தம்கூட அந்தக் காலத்துச் சத்தமாகவே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்ட காது ஒன்றுகூட நாட்டில் உயிரோடு இல்லை. ஆனாலும் அரசருக்கு ஆசை.

ஓலை மூன்று விஷயங்கள் சொன்னது. வேலை முடிந்தது என்று இடும்பன் வாயால் சொல்லும்வரை தேர் அவன் பட்டறைக் கூரையின் கீழேதான் நிற்க வேண்டும். அதுவரை பட்டறை ஆட்களைத் தவிர வேறு யாரும் அதை இழுக்கக் கூடாது. மீறினால் தேர் இடும்பனுக்கே சொந்தம்.

தேர் எப்போதோ தயாராகிவிட்டது. இடும்பன்தான் வாயைத் திறக்கவில்லை. அரசரின் தேரை வேடிக்கை பார்க்க வந்த செல்வந்தர்கள் எல்லாரும் தங்கள் வண்டிகளையும் அவனிடமே பழுது பார்க்க விட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட தேரை எவன் அனுப்புவான்?

திருமணத்துக்கு முந்தைய நாள் அரசர் சபையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"மன்னா, தங்கள் முத்திரையைத் தாங்களே மீறலாகாது," என்றார் விழுப்பரையர். "ஆனால் எதற்கும் வழி சொல்லும் சேந்தன் இருக்கிறாரே! ஓலையின் ஓர் எழுத்தும் மீறாமல் நாளை தேரைக் கொண்டுவரட்டும். இயலாதெனில் இந்தச் சபையில் அவருக்கு என்ன வேலை? நாட்டை விட்டே போகட்டும்."

அரசர் சேந்தனைப் பார்த்தார். "முடியுமா?"

"முடியாவிட்டால் எனக்குப் போக இடமில்லை, மன்னா. ஆகவே முடியும். நாற்பது வீரர்கள் வேண்டும்."

அங்கிருந்து சேந்தன் நேராகப் பட்டறைக்குப் போனான். தேர் பளபளவென்று நின்றது. அதற்கு மேல் பெரிய கீற்றுக் கூரை.

"என்னய்யா இடும்பா, முடிஞ்சுதா?"

"எங்க சாமி! சத்தம் இன்னும் பிடிபடல. கிர்ர்னு வருது. கிரீச்னு வரணும்."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும். அவசரப்பட்டா ஆகுற வேலையா இது?"

சேந்தன் அண்ணாந்து பார்த்தான். அந்த ஊரில் கூரையைத் தாங்கும் மரக்கால் உளுத்துவிட்டால் கூரையைப் பிரிக்கமாட்டார்கள். நாலு பக்கமும் மூங்கில் கொடுத்து, கூரையை முழுசாகத் தூக்கி, புதுக்கால் நட்டு இறக்குவார்கள். தேர் உள்ளே வந்து போவதற்காக இடும்பனின் பட்டறைக்குச் சுவரும் கிடையாது. சேந்தன் நிம்மதியாகத் தூங்கப் போனான்.

விடிந்ததும் நாற்பது வீரர்களும் மூங்கிலோடு வந்தார்கள். கட்டுகளை அவிழ்த்தார்கள். ஏலேலோ போட்டுக் கூரையைத் தோளில் ஏற்றினார்கள்.

"ஐயய்யோ! என் கூரை!" என்று அலறினான் இடும்பன்.

"உன் கூரைதான், யாரு இல்லேன்னா? தேர் அதுக்குக் கீழதான் வரப்போகுது. உன் ஆளுங்களைக் கூப்பிடு. நாங்க இழுத்தா ஓலையை மீறினதா ஆயிடும்."

"நான் இழுக்க மாட்டேன்!"

"அரசர் தேரு அரசர் மகளுக்குப் போகுது. மாட்டேன்னு அவர்கிட்டயே வந்து சொல்லு. நான் கூட வரேன்."

இடும்பன் ஆட்களைக் கூப்பிட்டு வடத்தைப் பிடித்தான்.

நங்கை அரண்மனை வாசலில் தேரேறினாள். மேலே கீற்றுக் கூரை ஆடி ஆடி வந்தது. கூரையில் குடியிருந்த கோழி ஒன்று இறங்க மறுத்து உச்சியிலேயே உட்கார்ந்து வந்தது. ஊர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டது. கூரை போன பட்டறையில் செல்வந்தர்களின் வண்டிகள் பட்டப்பகல் வெயிலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தன.

மண்டப வாசலில் இடும்பன் நாக்குத் தள்ளி உட்கார்ந்தான். சேந்தன் அவனுக்கு மோர் கொடுத்தான்.

"குடி, குடி. சாயங்காலம் ஊர்கோலம் இருக்கு. நாளைக்கு மறுவீடு. அப்புறம் மாப்பிள்ளை சொந்தக்காரங்க வீடு வீடா விருந்து. எல்லாத்துக்கும் நீயும் உன் கூரையும்தான்."

இடும்பன் மோரைக் கீழே வைத்தான். "முடிஞ்சுது சாமி! வேலை முடிஞ்சுது!"

"சத்தம்?"

"முப்பாட்டனார் சத்தமேதான்! காதால கேட்டேன்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். பிறகு விழுப்பரையரிடம், "அமைச்சரே, தங்கள் மைத்துனரின் கூரை திரும்பிப் போக வேண்டுமே. ஒரு மூங்கில் முனையைத் தாங்களும் தாங்குங்கள்," என்றார். பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுப்பரையர் போனார்.

ஊர்கோலம் முடிந்ததும் இடும்பன் தேரை அரண்மனைக் கொட்டிலுக்குள் நிறுத்திவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். சேந்தன் அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.