கீரி புரட்டாத முன்பக்கங்கள்

ஒரு காட்டில், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, ஒரு கீரி இருந்தது. அது தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆடி மாதக் காலையில்.

அண்ணன் கீரி படகில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, படகு ஒழுகுகிறதே!"

"கொஞ்சம்தானடா! அக்கரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

சிரித்தபடியே துடுப்பை வலித்தது. பிற்பகலில் காற்று எழுந்தது. மறுநாள் கொட்டாங்கச்சி மட்டும் கரை ஒதுங்கியது. தம்பி அதை எடுத்து வைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து கீரிக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம். 'காற்றில் படகைத் திருப்ப அண்ணனுக்குத் தெரிந்திருந்தால்' என்று நினைத்து நினைத்து மாய்ந்தது. கப்பல்கள் மூழ்கிய கதைகளைச் சொல்லும் நான்கு புத்தகங்களைத் தேடிப் பிடித்தது. எழுத்துக் கூட்டிப் படித்தது. புயல் வரும் பக்கங்கள் கிழிந்து தொங்கும்வரை படித்தது. பாயை எப்போது இறக்குவது, அலையை எப்படி எதிர்கொள்வது, எல்லாம் மனப்பாடம். கப்பல் புறப்படும் முன்பக்கங்களை மட்டும் புரட்டவே இல்லை. "மூட்டை ஏற்றுவதை எல்லாம் யார் படிப்பது?"

மூன்றாம் வருடம் ஐப்பசியில் அடைமழை. ஆறு கரையேறிக் காட்டுக்குள் வந்துவிட்டது. அக்கரை மேட்டுக்குப் போனால்தான் பிழைக்கலாம். இருந்தது ஒரே படகு, குரங்கினுடையது.

மூன்று குட்டிகளோடு முயல் ஓடி வந்தது. "கீரி அண்ணே, நீங்கள் படித்தவர். நீங்கள் சொன்னால்தான் குட்டிகளை ஏற்றுவேன்."

"படித்தவரா? பயந்தவர் என்று சொல்!" என்று குரங்கு ஒரு பெரிய பலாப்பழத்தைப் படகுக்குள் உருட்டியது. "ஏறுங்கள், ஏறுங்கள்!"

கீரிக்கு மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த நான்கு புத்தகங்களில் ஒன்றை அவசரமாகப் பிரித்தது.

"என்ன போட்டிருக்கிறது, அண்ணே?"

"புயலில்..."

"புயல் இன்னும் வரவில்லையே. ஏறும்போது என்ன செய்தார்களாம்?"

கீரி முதன்முறையாக ஒவ்வொன்றின் முன்பக்கங்களையும் புரட்டியது. முதல் கப்பலில் அடிப்பலகையில் விரிசல். நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவதில் அளவுக்கு மீறிய சுமை. மூன்றாவதிலும் விரிசல். நான்காவதைத் திறக்காமலே கீரி படகுக்குள் எட்டிப் பார்த்தது. பலாப்பழத்தைச் சுற்றித் தண்ணீர்.

"மழைத் தண்ணீர்தான்" என்றது குரங்கு.

"மழைத் தண்ணீர் அடியிலிருந்தா கொப்பளிக்கும்?"

"அட, கொஞ்சம்தானே! அக்கரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

கீரியின் மயிர் சிலிர்த்தது.

"யாரும் ஏறக்கூடாது! படகைக் கவிழ்!"

"பைத்தியமா உனக்கு? வெள்ளம் ஏறுகிறது!"

"ஏறட்டும்" என்ற கீரி தானே படகின் விளிம்பைப் பிடித்தது.

விரிசலில் தேங்காய் நாரைத் திணித்தார்கள். மழை படாத மரப்பொந்தில் தீ மூட்டி, குங்கிலியப் பிசினை உருக்கிப் பூசினார்கள். தண்ணீர் முயலின் வயிற்றைத் தொட்டது. குட்டிகளைக் குரங்கு தோளில் ஏற்றிக்கொண்டது. "முடிந்ததா? முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

பலாப்பழத்தை விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். நடு ஆற்றில் காற்று எழுந்தது. ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. கீரி அடிப்பலகையைத் தடவிக்கொண்டே வந்தது. பொழுது சாய்வதற்குள் மேட்டில் இறங்கினார்கள்.

தண்ணீர் இறைக்கக் கீரி அன்று எடுத்துவந்த அண்ணனின் கொட்டாங்கச்சி இன்றும் அந்தப் படகில் கிடக்கிறது. காய்ந்தே கிடக்கிறது.

நீதி: பிறர் எப்படி மூழ்கினார்கள் என்று படித்தால் போதாது, எங்கே அசட்டையாக இருந்தார்கள் என்று பார்.