மணவாளன் வக்கீலான வழக்கு

மாறவேள் மன்னர் ஆண்ட காலத்தில் வக்கீல் ஆவதற்கு இரண்டே வழி. ஒன்று, வக்கீல் வீட்டில் பிள்ளையாகப் பிறக்க வேண்டும். அதற்குக் கொடுத்துவைக்காதவர்கள், ஒரு பெரிய வக்கீலிடம் ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத் தொழில் பழக வேண்டும். மணவாளனின் அப்பா வாழைக்காய் வியாபாரி. ஆகவே அவன் இரண்டாவது வழியில் போய், வாதசிங்கம் திருமேனிநாதரிடம் வசமாக மாட்டிக்கொண்டான்.

திருமேனிநாதர் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால் போதும். வராது என்று வாதாடி, சொன்னவர் குடையைக் கீழே வைத்த பிறகுதான் விடுவார். அவரிடம் மணவாளன் சட்டமும் படித்தான், மாவும் ஆட்டினான். வெற்றிலை மடித்தான், கால் பிடித்தான், எருமையைக் குளிப்பாட்டினான்.

ஒப்பந்தத்தில் ஒரு பொல்லாத ஷரத்து இருந்தது. சீடன் தேறிவிட்டான் என்று குரு அவையில் சொன்னால்தான் விடுதலை. சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஏழு வருஷம். கெடு முடிய ஒரே நாள் இருந்தபோது மணவாளன் மென்று விழுங்கிக் கேட்டான். "நீ இன்னும் பழுக்கவில்லையப்பா" என்று சொல்லிவிட்டுத் திருமேனிநாதர் காலை நீட்டினார். அவ்வளவு பக்குவமாகக் கால் பிடிக்கிறவனை யார்தான் விடுவார்கள்?

மணவாளனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெயர்தான் மணவாளன், கல்யாணம் இன்னும் ஆகவில்லை. வக்கீல் மாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று, அவனுக்குப் பேசிவைத்திருந்த கனகவல்லியின் அப்பா இத்தனை நாள் பொறுத்திருந்தார். இன்னும் ஏழு வருஷம் என்றால் பொறுப்பாரா? ஓர் எண்ணெய் வியாபாரி வேறு தாம்பூலத் தட்டோடு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவன் அரண்மனைக்கு ஓடி மன்னர் காலில் விழுந்தான். மன்னருக்கும் இரக்கம்தான். ஆனால் எழுதிய ஒப்பந்தத்தை அரசனே கிழித்தால் அப்புறம் ஊரில் எவன் மதிப்பான் என்றார். பிறகு பக்கத்தில் நின்ற கூத்தபிரானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கூத்தபிரானுக்கு அவையில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. யாராலும் முடியாத காரியம் மட்டும் தவறாமல் அவர் தலையில் வந்து விழும்.

"நாளைக்குள் திருமேனிநாதர் தம் வாயாலேயே இவன் தேறிவிட்டான் என்று சொல்ல வேண்டும்" என்றார் மன்னர். "மிரட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, கைக்கூலியும் கூடாது."

"அதற்கென்ன மன்னா, அவரிடம் ஒரு வழக்கில் தோற்றால் போயிற்று" என்றார் கூத்தபிரான்.

மணவாளனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாளைக்கு உன்னை எவ்வளவு திட்டினாலும் வாயைத் திறக்காதே என்று மட்டும் அவனிடம் சொல்லி அனுப்பினார் அவர்.

மறுநாள் அவை கூடியது. கூத்தபிரான் எழுந்து, திருமேனிநாதர் மேல் வழக்குத் தொடுத்தார். மணவாளனைப் போன்ற மக்கைத் தாம் கண்டதில்லை என்று ஆரம்பித்து, அரைநாழிகை திட்டினார். மணவாளன் காது சிவக்க நின்றான். கடைசியில் கூத்தபிரான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏழு வருஷம் பழகியும் சீடன் தேறவில்லை என்று குருவே சொல்கிறார். தொழில் முழுவதும் கற்றுத் தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியதும் அவர்தான். கெட்டிக்காரன் என்று சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். அப்படியானால் தப்பு யாருடையது? வாதசிங்கத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று ஊர் முழுக்கப் பறை அறைவிக்க வேண்டும் மன்னா."

திருமேனிநாதர் துள்ளி எழுந்தார். யாரைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்கிறாய் என்று கர்ஜித்தார். மணவாளனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவை நடுவே நிறுத்தினார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். பக்கத்து வீட்டு முருங்கை வேலி தாண்டிக் காய்த்தால் காய் யாருக்கு? வாடகைக்கு வாங்கிய எருமை கன்று போட்டால் கன்று யாருக்கு? கேட்கக் கேட்க மணவாளன் பயம் தெளிந்து பட்டுப் பட்டென்று பதில் சொன்னான். குரு ஒரு வழக்குக்கு மூன்று சாட்சி வேண்டும் என்றபோது, "இரண்டு போதும் ஐயா, போன தையில் நீங்கள் அப்படித்தான் ஜெயித்தீர்கள்" என்று திருத்தவும் திருத்தினான்.

திருமேனிநாதருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா மன்னா, என்னையே திருத்துகிறான். என்னை விட்டால் இவனுக்கு நிகரான வக்கீல் இந்த அவையில் யார் இருக்கிறார்கள்? தேறிவிட்டான், எப்போதோ தேறிவிட்டான்."

கூத்தபிரான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தோற்றுவிட்டேன் என்றார். திருமேனிநாதருக்கே வெற்றி, மணவாளன் தேறினான் என்று மன்னர் தீர்ப்புச் சொன்னார். அவை கைதட்டியது. வாதசிங்கம் நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல் வெற்றிலைக்காகக் கையைப் பின்னால் நீட்டினார். கையில் ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தார். மணவாளன் வக்கீல்களின் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீர்ப்புச் செல்லாது, மேல்முறையீடு செய்கிறேன் என்று கத்தினார்.

"தாராளமாகச் செய்யுங்கள்" என்றார் கூத்தபிரான். "ஆனால் எதிராளி நான் இல்லை, நான்தான் தோற்றாயிற்றே. இன்றைக்கு நீங்கள் ஜெயித்த வாதத்தை நீங்களே உடைக்க வேண்டும். உடைத்தாலும் தோற்பது வாதசிங்கம் திருமேனிநாதர். உடைக்க முடியாவிட்டாலும் அவரேதான்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. தம் பட்டுச் சால்வையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார். தோற்றதற்குச் சால்வை வாங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மணவாளனுக்கோ கால் தரையில் பாவவில்லை. கனகவல்லியின் வீட்டை நோக்கி ஒரே ஓட்டமாகப் புறப்பட்டவன், அரண்மனை வாசலில் குருவைக் கண்டு கும்பிட்டுவிட்டு ஓடினான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரும்போலிருக்கிறதே ஐயா என்றான் வாசல் காவலன்.

திருமேனிநாதர் வெற்றிலைப் பெட்டியைத் தாமே அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடையை விரித்தார்.