வெட்டிய ஓரம்

"என் படத்துல என்ன குறையக் கண்டீங்க?" என்று கேட்டான் இன்னாசி.

கடல்வழிப் படம் எழுதக் கற்றுத்தரும் லசார் ஆசான் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். நெருப்பில் கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டுகள் நிலையாக இருப்பதில்லை. அதனால் உப்புத் தோணி புறப்படும்போதெல்லாம் ஆசானிடம் புதுப் படம் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பல வருடமாக இன்னாசி எழுதிய படம்தான் போனது. படம் என்றால் இன்னாசி என்று துறையில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவன்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

இந்த முறை ஆசான் பிரகாசியின் படத்தை எடுத்துவிட்டார். இன்னாசியின் கணக்கில் அவள் ஆசானிடம் கற்க நேற்று வந்து சேர்ந்தவள்.

இன்னாசிக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. அவளைப் பார்த்தாலே எரிந்தது, பார்க்காவிட்டாலும் எரிந்தது.

அவள் கோடு நடுங்குகிறது என்றான். திட்டெல்லாம் சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கிறது என்றான். போதாததற்கு ஓரம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி எழுத்து. எப்போது அளந்தாள், எந்தக் கயிற்றால் அளந்தாள், எந்தக் கல்லில் நின்று வடக்கு பார்த்தாள், எங்கெல்லாம் போகவில்லை.

"வழி பாக்குறவனுக்கு இவ கதை எதுக்குங்கய்யா?"

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிரகாசியின் படத்தையும் ஒரு கத்தரிக்கோலையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். வேண்டாததை வெட்டச் சொன்னார்.

வெட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் வெட்டியதில்லை.

பிரகாசி வாசலில் நின்று பார்த்தாள். அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

வெட்டி விழுந்த ஓரத்தை ஆசான் மடித்து அவன் மடியில் செருகினார்.

"இப்ப இது உன் படம் மாதிரியே இருக்கு. இதோட நீயும் தோணியில போ. வழி சொல்லு."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இன்னாசி தோணி ஏறினான்.

ஆற்றுமுகத்தில் தோணியை நிதானமாக்கிவிட்டு, அதை ஓட்டிப்போகும் தண்டல் சவரிராயன் படத்தை விரித்தார். வடக்குத் திட்டை ஒட்டித்தான் வழி. அங்கே ஒன்றரைப் பாகம் ஆழம் என்று போட்டிருந்தது. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். உப்பு ஏற்றிய தோணிக்கு ஒன்றேகாலாவது வேண்டும். தரை தட்டினால் அலையே தோணியை உடைத்துவிடும். ஆறு பேர் இருந்தார்கள்.

"இது ஏத்தத்துல அளந்ததா, வத்தத்துல அளந்ததா?" என்று கேட்டார் தண்டல்.

கடல் வற்றிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் அளந்ததானால் இப்போது அந்த ஆழம் இருக்காது. இன்னாசி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வெட்டிய விளிம்பு நேராக, சுத்தமாக இருந்தது.

"அவளுக்கே தெரியாதுன்னு நெனைக்கிறேன்" என்றான். சொல்லும்போது கொஞ்சம் இனித்தது. அதை நிரூபித்துவிடலாம் என்றுதான் மடியிலிருந்த ஓரத்தை எடுத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

"வடக்குத் திட்டு. அலை பெரிது, என் வள்ளம் நெருங்கவில்லை. இங்கே போட்ட ஆழம் நான் அளந்ததல்ல."

மீதியைச் சத்தமில்லாமல் படித்தான்.

'இன்னாசி அண்ணனின் போன படத்திலிருந்து எடுத்தது. ஏற்றமா வற்றமா என்று அவர் எழுதவில்லை. கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அளந்தவரைக் கேட்காமல் இந்த வழியே போக வேண்டாம்.'

"என்ன போட்டிருக்கு தம்பி?"

"அளந்தவரக் கேக்கணுமாம்."

"யாரு அளந்தது?"

இன்னாசி அந்த நாளை நினைத்துப் பார்த்தான். வெயில் நினைவிருந்தது. பாறையில் நின்றவர்கள் தன்னை வேடிக்கை பார்த்தது நினைவிருந்தது. தண்ணீர் எங்கே நின்றது என்பது மட்டும் நினைவில்லை.

தோணி மெல்ல வடக்கே இழுபட்டது.

"நான்தான்" என்றான். "நங்கூரத்தப் போடுங்க."