சடையாண்டி வைத்த ஷார்ட்கட்

ஓடைக்கரைக் காட்டில் சடையாண்டி என்றொரு குரங்கு இருந்தது. காட்டுக்கென்று இருந்த ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அடிக்கிற தற்பெருமை இருக்கிறதே, அப்பப்பா! காது கொடுத்துக் கேட்க முடியாது.

ஒருநாள் காலை பிரவுசரைக் குடைந்துகொண்டிருந்த சடையாண்டி துள்ளிக் குதித்தது. எந்த எழுத்தைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாமாம்!

“இதோ பார் தவசி!” என்று பக்கத்தில் இருந்த கீரிப்பிள்ளையை உலுக்கியது. “இனிமே கண்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணைத் தட்டுற வேலையெல்லாம் கிடையாது. ஒரே விரல்! பக்கம் கீழே போகணுமா, ‘க’. பக்கத்தை மூடணுமா, ‘ம’. எப்படி நம்ம மூளை?”

“கண்ட்ரோலைச் சும்மாவா வச்சிருப்பாங்க?” என்றது தவசி. “ஏதாவது எழுதும்போதும் அதே எழுத்தைத்தானே தட்டணும்?”

“ஆரம்பிச்சிட்டியா! நான் எது செஞ்சாலும் உனக்குப் பொறுக்காதே!”

அப்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘எழுதும் கட்டங்களிலும் இந்த ஷார்ட்கட் வேலை செய்ய வேண்டுமா?’ சடையாண்டி அதை முழுசாகப் படித்தால்தானே! “வேணும், வேணும், எல்லா இடத்திலேயும் வேணும்!” என்று ‘சரி’யைத் தட்டிவிட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சடையாண்டி ஒற்றை விரலால் பழத்தோட்டப் படங்களை ஓட்டிக் காட்டியது. ஒரு தட்டுக்குப் பக்கம் இறங்கியது. இன்னொரு தட்டுக்கு மூடிக்கொண்டது. மயில்கள் வாயைப் பிளந்தன. கூட்டமே கைதட்டியது. சடையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கோமளம் என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“சடையாண்டி அண்ணே! ஓடை பொங்குது. என் வளைக்குள்ளே தண்ணி வந்துடுச்சு. குட்டிங்களை மேட்டுல போட்டுட்டு வந்திருக்கேன். மலையிலே ஒரு குகை பதிஞ்சு குடுண்ணே!”

மலைக் குகையில் தங்க வேண்டுமானால் இணையத்தில் பதிந்தே ஆக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து விலங்குகளும் அங்கேதான் பதியும். திறந்து பார்த்தால் மூன்றே குகைகள் மீதி.

“பூ, இவ்வளவுதானா! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே முடிச்சிடறேன்.” சடையாண்டி கூட்டத்தைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தது. பிறகு ‘கோமளம்’ என்று எழுத ஆரம்பித்தது.

‘க’வைத் தட்டியதுமே பக்கம் சர்ரென்று அடிக்கு ஓடியது. ‘ம’வைத் தட்டியதும் பக்கமே மூடிக்கொண்டது!

மயில்கள் களுக்கென்று சிரித்தன.

“நெட் சரியில்லை” என்றது சடையாண்டி. மறுபடி திறந்தது. மறுபடி தட்டியது. மறுபடி மூடிக்கொண்டது. அதற்குள் யாரோ ஒரு குகையைப் பிடித்துவிட்டார்கள்.

தவசி காதோரம் வந்து கிசுகிசுத்தது. “அந்த ஷார்ட்கட்டையெல்லாம் அழிச்சிடு. ஒரு நிமிஷ வேலை.”

“ஊரே பார்த்துட்டு இருக்கு! இப்ப அழிச்சா என் மானம் என்னாகுறது?” என்று பல்லைக் கடித்தது சடையாண்டி. பிறகு முயலிடம் திரும்பியது. “சிக்கல் உன் பேர்லதான் இருக்கு கோமளம். வேற பேர் ஏதாவது சொல்லேன்!”

“நல்லா இருக்கே கதை! குகை வாசல்ல பேர் கேட்டுத்தான் உள்ளே விடுவாங்க. பொய்ப் பேரோட போய் நின்னா குட்டிங்களோட சேர்த்துத் துரத்திடுவாங்கண்ணே!”

“சரி சரி, படபடன்னு தட்டினா அதுக்குத் தெரியாது!” சடையாண்டி படபடவென்று தட்டியது. பக்கம் படக்கென்று மூடிக்கொண்டது. இன்னொரு குகையும் போயிற்று.

கோமளம் அழுதேவிட்டது. “உன் வித்தையை நாளைக்குக் காட்டுண்ணே! என் குட்டிங்களுக்கு இன்னும் கண்ணே தெறக்கல. இந்த மழையிலே எப்படிப் பிழைக்கும்?”

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. தான் வைத்த ஷார்ட்கட் அத்தனையையும் எல்லார் முன்னாலும் அழித்தது. கோமளத்தின் பேர் இப்போது சமர்த்தாகக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. ‘பதிவு செய்’ என்பதைத் தட்டியது.

‘எல்லாக் குகைகளும் நிரம்பிவிட்டன’ என்றது திரை.

கோமளம் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மழையில் இறங்கியது. திட்டியிருந்தால்கூடச் சடையாண்டி தாங்கியிருக்கும்.

“கோமளம், நில்லு!” என்று கத்தியது அது. “மழைக்குப் பயந்து போன வாரமே எனக்குன்னு ஒரு குகை பதிஞ்சு வச்சிருக்கேன். அதை உன் பேருக்கு மாத்தித் தர்றேன்.”

“அப்ப நீ எங்கே போவேண்ணே?”

“என் கெட்டிக்காரத்தனம் இருக்கே, அதைப் போர்த்திக்கிட்டுப் படுத்துக்கறேன்!”

சொன்னபடியே மாற்றிக் கொடுத்தது. குட்டிகளை மார்போடு அணைத்து மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து, கொட்டுகிற மழையில் ஒரு கிளையில் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கியது. காலையில் கைதட்டியவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கைதட்டலுக்காகத் தன் தவறை மறைப்பவன், முதலில் தன்னை நம்பி வந்தவரைத் தவிக்கவிட்டு, பிறகு தானும் தவிப்பான்.